கஞ்சி குடிக்கக் கூடாது

எங்கள் பிளாட்டுக்கு இரண்டு மாடிப்படிகள். முன்படி பெரிய ரோட்டுப் பக்கம். பின்படியில் இறங்கினால் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம், அதை ஒட்டி நாலு தூணில் ஒரு தகரக் கொட்டகை. எங்கள் ஊர் கிள்ளானில் மழை எப்போது வருமென்று சொல்ல முடியாது என்பதால் யாரோ ஒரு காலத்தில் போட்டுக் கொடுத்தது. சாயங்காலமானால் ஐந்தாறு பேர் அங்கே உட்கார்ந்து கஞ்சா குடிப்பார்கள். வாடை மூன்றாவது மாடியில் எங்கள் சமையலறை ஜன்னல் வரைக்கும் ஏறி வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவேன். இறங்கிப் போய் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை நான்.

என் தம்பி மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வாடை எனக்குப் பயமாக ஆனது. அவனை உள்ளே அனுப்பியதும் இதே கஞ்சாதான். இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில், லோரிக்குச் சாமான் ஏற்றும் வேலை கிடைத்திருந்தது. மாதாமாதம் போதைத் தடுப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதில் மாட்டினால் வேலை போகும், அவனும் திரும்ப உள்ளே போவான்.

கொட்டகையில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அவனோடு பள்ளியில் படித்தவர்கள். அவன் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல அவனுக்கும் வராது. எங்கள் வீட்டில் யாருக்குமே வராது. அதனால் வண்டியை ரோட்டோரம் கடைகளுக்கு முன்னால் விட்டுவிட்டு முன்படி வழியாக ஏறி வருவான். அங்கே நிறுத்தியதற்கு நகராண்மைக்காரர்கள் ஒருநாள் அபராதச் சம்மன் ஒட்டிவிட்டுப் போனார்கள். “பரவால்லக்கா, கட்டிக்கலாம்” என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எத்தனை நாளைக்கு இப்படிச் சுற்றிக்கொண்டு வருவாய் என்ற கேள்வி வாய்வரை வந்தது. சோற்றை எடுத்து வைத்தேன்.

பிளாட் கமிட்டிக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது நான் கடைசி நாற்காலியில் இருந்தேன். போலீசைக் கூப்பிடலாம் என்றார்கள் சிலர். நம் வீட்டுப் பிள்ளைகள்தானே என்றார்கள் சிலர். கஞ்சா இந்த நாட்டில் எங்கேயுமே தடைதான், அதற்கு எதற்குத் தனியாக ஒரு விதி என்று ஒருவர் கேட்டார். கமிட்டித் தலைவி ஒரு சீன அம்மா, இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சட்டம் நாட்டுக்குத் தெரியும், அந்தக் கொட்டகைக்குத் தெரியவில்லையே என்று மலாயில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். முதலில் மூன்று மொழியில் ஒரு போர்டு வைப்போம் என்று முடிவானது. தமிழுக்கு யார் என்று அவர் சுற்றிப் பார்க்க, தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தமிழ்ப் பேப்பர் படிக்கிறவள் என்று என்னைக் கைகாட்டினார்கள்.

‘புகைத்தல்’ என்று எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஆனால் அவர்கள் யாரும் ‘புகைப்பது’ இல்லை, ‘குடிப்பது’தான். அவர்களுக்குப் புரியட்டும் என்று ‘இந்தப் பொது இடத்தில் கஞ்சா குடிக்கக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

போர்டு அடித்த கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. உருவத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்தைத் தட்டியிருக்கிறார். ஓர் இடத்தில் ‘சா’வுக்குப் பதில் ‘சி’ விழுந்துவிட்டது. மலாயும் சீனமும் சரியாக இருந்தன. தமிழில் மட்டும், தடித்த சிவப்பு எழுத்தில், இந்தப் பொது இடத்தில் கஞ்சி குடிக்கக் கூடாது. மீறினால் போலீசில் புகார் செய்யப்படும்.

நான் வேலை முடிந்து வந்தபோது கொட்டகையைச் சுற்றி ஒரே கூட்டம். ஆடி பிறக்கப் போகிற நேரம். வருஷா வருஷம் அதே கொட்டகையில்தான் அம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். அதை எடுத்து நடத்தும் கீழ்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

“ஏன் தங்கச்சி, நீதான் எழுதுனியாமே? அம்மனுக்கே சம்மனா?”

இரண்டாவது மாடித் தமிழ் முஸ்லிம் அங்கிள், எங்க நோன்புக் கஞ்சியும் இதுல அடங்குமா என்று கேட்டார். விஷயத்தை மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்ட தலைவி, தினமும் காலையில் நானும் கஞ்சிதான், முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள் என்று சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

வழக்கமாக உட்காருகிறவர்களும் அங்கேதான் இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் எதையும் பற்றவைக்க முடியாமல், கையைக் கட்டிக்கொண்டு போர்டைப் பார்த்தபடி இருந்தார்கள். “என்ன தம்பிங்களா, இன்னிக்கிக் கஞ்சி இல்லையா?” என்று கீழ்வீட்டு அக்கா அவர்களையும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வண்டியில் வந்தான். கூட்டத்தைப் பார்த்து, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கடைப்பக்கம் போகாமல் நேரே கொட்டகைப் பக்கம் வந்துவிட்டான். வண்டியை நிறுத்திவிட்டுப் போர்டைப் படித்தான். சிரித்தான். மையத்திலிருந்து வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அவனுடைய பழைய கூட்டாளி ஒருவன் தூணில் சாய்ந்தபடி, “மச்சான், கும்பல் கலையட்டும், இருந்துட்டுப் போ லா” என்றான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். எனக்குக் கேட்டது.

தம்பி போர்டைக் காட்டினான்.

“எங்கக்கா எழுதி வச்சிருக்குடா. எனக்குக் கஞ்சியே கூடாதாம், இதுல நீ வேற.”

கூட்டாளியும் சிரித்துவிட்டான். அதற்குமேல் கூப்பிடவில்லை. தம்பி என் பையை வாங்கிக்கொண்டு பின்படியில் முன்னால் ஏறினான். மாட்டேன் என்பதை இப்படியும் சொல்லலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே அதுவரை தெரியாது.

போர்டை உடனே மாற்றித் தருவதாகத் தலைவி சொன்னார். ஆடி முடியட்டும், இருக்கட்டும் என்று கீழ்வீட்டு அக்கா தடுத்துவிட்டார். கஞ்சி ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, போர்டுக்கு நேர் கீழே அண்டாவை வைத்தார்கள். கரண்டி என் தம்பி கையில். அந்தக் கூட்டாளியும் கிண்ணத்தோடு வரிசையில் வந்தான். தம்பி அவனுக்கு நிறைய ஊற்றி, “குடி, போலீஸ் வந்தா நான் பேசிக்கிறேன்” என்றான்.

கஞ்சா ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் பெரிய கால்வாய்ப் பக்கமிருந்து வாடை வரத்தான் செய்கிறது. ஆனால் கொட்டகையில் இப்போது சாயங்காலமானால் பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். சில நாள் நானும் ஓரமாக உட்காருகிறேன். எழுத்துத் திருத்திய புதுப் போர்டு வந்துவிட்டது. அதை நின்று படிக்கிறவர் யாரும் இல்லை.

போன வாரம் தம்பிக்குச் சோதனை நாள். காலையில் அவன் போனதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் அடுப்படியில் நின்றபோது கீழே அவன் வண்டிச் சத்தம் கேட்டது. கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. யாரோ ஏதோ கேட்டார்கள், அவன் ஏதோ சொன்னான், சிரிப்புக் கேட்டது. பிறகு பின்படியில் அவன் செருப்புச் சத்தம், நிற்காமல் மேலே ஏறி வந்தது. ஜன்னலைச் சாத்தாமல் விட்டுவிட்டு அவனுக்குத் தேநீர் போட்டேன்.