வெளிநாட்டு மாணவி

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று கொள்ளுத்தாத்தா போட்ட ஒரு கையெழுத்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பிளஸ் டூ முடித்ததும் பிள்ளைகளை பாரீசுக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். என் மகள் போகமாட்டேன் என்றாள். நானும் அவள் பக்கம்தான். சொந்தக்காரர்களின் வாயில் விழுந்தாலும் பரவாயில்லை என்று, எங்கள் பேட்டையான உப்பளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கடலோரப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க அவளைக் கூட்டிப்போனேன்.

சேர்க்கை அலுவலகத்தில் அவளுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்த குமாஸ்தா, வெளிநாட்டு மாணவர் படிவத்தை நீட்டினார்.

"இந்தியா வந்து எத்தினி நாள் ஆச்சும்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ இங்கதான் சார் பொறந்தா. நானும்தான்."

"ரூல்ஸ்மா" என்றார்.

படிவத்தில் 'சொந்த நாடு' என்ற கட்டத்தில் மகளின் பேனா நின்றது.

"உப்பளம்னு எழுதுடி" என்றேன், அவருக்கும் கேட்கும்படி. "அழுத்தி எழுது."