பாதித் திறந்த கடை

சித்ராக் பன்ஸ் யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். இங்கிலாந்தில் கென்ட் பக்கத்துச் சின்ன ஊரில் மெழுகுவர்த்தியும் மளிகையும் விற்றே நாற்பத்தாறு வயதாகிவிட்டது. ராஜாவும் பார்லிமென்டும் அடித்துக்கொண்ட காலம் அது. ராஜா கட்சிக்காரன் வந்தால் தொப்பியைக் கழற்றுவான். பார்லிமென்ட் கட்சிக்காரன் வந்தால் வேதவசனம் சொல்வான். என்ன பிழைப்போ! ஆனால் அப்பன் விட்டுப்போன அந்தக் கடை ஓடியது. அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் பார்லிமென்ட் கிறிஸ்துமஸே கூடாது என்றுவிட்டது. பாட்டு, ஆட்டம், விருந்து எல்லாம் பாவமாம். அன்றைக்குக் கடை திறக்காதவனின் கால்களைச் சந்தையில் தொழுமரம் என்ற துளைக்கட்டையில் மாட்டுவதாக மேயர் தண்டோரா போட்டார். சாயங்காலமே, பண்டிகையை விடமாட்டோம் என்று தெருவில் பந்து விளையாடும் இளவட்டங்கள் கடை முன்னால் வந்து நின்றார்கள்.

"பண்டிகையன்னிக்குக் கடை திறந்தீங்க, உள்ள ஒரு சாமான் மிஞ்சாது அண்ணே!" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பெரிய பயம்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"திறக்குறீங்களா, மூடுறீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்க," என்றாள் மனைவி தாமசின்.

"ரெண்டும் செஞ்சா என்ன?"

கடை முகப்பில் இரண்டு பலகைக் கதவுகள். பண்டிகை விடிந்ததும் ஒன்றைத் திறந்தான். மூடிய மற்றதில், விழாவுக்கு எல்லோரும் கட்டும் ஹோலி என்ற முள்ளிலைச் செடியின் கொத்தைக் கட்டினான். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டான், பாவி.

கான்ஸ்டபிள் க்ரவுச் கண்ணில் முதலில் பட்டது கொத்துதான். "என்னய்யா, பண்டிகை கொண்டாடுறியா?"

"ஐயா, இந்தப் பக்கம் பாருங்க, திறந்துதானே..."

"பாதிக் கடை தொறந்தா பாதிப் பாவமா? நட!"

சந்தை முனையில் அவன் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இளவட்டங்கள் கடைப்பக்கம் வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது திறந்த கதவு. ஒவ்வொரு ஜாடியாக உடையும் சத்தம் அவன் உட்கார்ந்த இடத்துக்கே கேட்டது. எழுந்து ஓட முடியாமல் அழுதான்.

பிற்பகலில் தாமசின் வந்தாள். இடுப்பில் கட்டிய துணிக்குள் சூடாக ஒரு 'பை', திராட்சை வைத்துச் சுடும் கிறிஸ்துமஸ் பலகாரம்.

"ஒண்ணும் மிஞ்சலைங்க. தரையில கிடந்த திராட்சையப் பொறுக்கிச் சுட்டேன்."

"தின்னா நாளைக்கும் இங்கதான் உட்காரணும், பாத்துக்க," என்றார் பக்கத்தில் காவல் நின்ற க்ரவுச்.

பன்ஸ் அவரை நேராகப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் கடித்தான்.

"உட்காந்துட்டுப் போறேன்யா. போய்த் திறக்க எனக்குக் கடையா இருக்கு?"