குழாய்க்கு வைத்த கையெழுத்து

என் மனைவிக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு கிழமைக்கு மேலாகியும் ஒரு மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. வலது கையும் பேச்சும் போயிருந்தன. மூக்கு வழியாக விட்டிருந்த குழாயை மிச்சமிருந்த இடது கையால் இழுத்து இழுத்து எறிந்தாள். அந்தக் கையைக் கட்டிலோடு கட்டிவைக்கச் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரி வாட்டிலேயே சண்டை பிடித்தேன். சண்டை பிடிக்க மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அதன் பிறகுதான் டொக்டர், வயிற்றில் சிறு துளை போட்டு இரைப்பைக்குள் நேரே குழாய் வைக்கலாம் என்றார். சீழ் பிடிக்கலாம், இரத்தம் போகலாம் என்று ஒன்றும் மறைக்காமல் விளக்கினார். "ஒரு மாதத்துக்குள்ள குழாய் கழண்டு வந்தா, நீங்களாத் திரும்பப் போட வேணாம் ஐயா. இரைப்பை இன்னும் வயித்துச் சுவரோட ஒட்டியிருக்காது. உடன கொண்டு வாங்க." நான் தலையாட்டினேன். சாப்பாடு உள்ளே போகும், ஆள் பிழைப்பாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. கையெழுத்து வைத்தேன்.

வவுணதீவில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீடு அவளுடையது, தாய் கொடுத்த சீதனம். ஊர் வயல்வெளியான வட்டையில் கிடக்கும் மூன்று ஏக்கரும் அவளுடையதுதான். நான் முப்பத்தொரு வருடம் அதில் விதைத்து வெட்டியவன், அவ்வளவுதான். தை மாதம் முதல் வெட்டிய நெல்லைக் குத்தி, நல்ல நாளில் புதிர்ச்சோறு ஆக்குவோம். காணிக்காரி முதல் வாய் வைக்காமல் எங்கள் வீட்டில் எவரும் அதைத் தொட்டதில்லை.

குழாய் வைத்த பன்னிரண்டாம் நாள் புதிர் வந்தது. நேர்ஸ் எழுதித் தந்த கடதாசியில் வடித்த கஞ்சி இருந்தது, பால்மா இருந்தது, புதிர்ச்சோறு இல்லை. வாயால் கொடுக்கத்தானே கூடாது, வயிறு அவளுடைய வயிறுதானே என்று நினைத்தேன். புதுப் பச்சையரிசியைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குழைய ஆக்கி, கடைந்து, துணியில் வடித்தேன். புது அரிசி பசையாக ஒட்டும் என்பது நெல்லோடு கிடந்தே நரைத்த எனக்குத் தெரியாததல்ல. ஆசை கண்ணை மறைத்தது.

"அத்தான், இது தடிப்பாக் கிடக்கு. வேணாம்," என்றாள் மனைவியின் தங்கை.

"சும்மா இரு புள்ள. அவட காணி நெல்லு. அவ சாப்பிடாம ஆரு சாப்பிடுற?"

அரைச் சிரிஞ்சு போனது. அதற்குமேல் அசையவில்லை. வெந்நீர் விட்டுப் பார்த்தேன், குழாயைப் பிசைந்தேன், இழுத்தேன். எந்த வேகத்தில் இழுத்தேனோ, முழுக் குழாயும் கையோடு வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்து கத்தினாள். குரல் வரவில்லை.

தங்கை ஓட்டோ பிடிக்க ஓடப் பார்த்தாள். நான் மறித்தேன். டொக்டரின் முன்னால் குற்றவாளியாக நிற்க எனக்கு வெட்கம். குழாயைச் சுடுநீரில் கழுவி அதே துளையில் செலுத்தினேன். போனது. சரி பார்க்க ஒரு சிரிஞ்சு தெளிந்த கஞ்சி விட்டேன். அதுவும் போனது. "பாத்தியா?" என்று தங்கையிடம் வீறாப்புப் பேசினேன். அது எங்கே போனது என்று யோசிக்க எனக்குப் புத்தி இருக்கவில்லை.

பின்னேரம் அவள் வயிறு பலகையாக இறுகியது. உடம்பு கொதித்தது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகையில், பாலம் தாண்டும்வரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னை விட்டிட்டுப் போகாத புள்ள," என்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

"திரும்ப உள்ள போட்டீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம். கஞ்சியும் விட்டனான்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கஞ்சி இரைப்பைக்குப் போகாமல் வெளியே, குடலைச் சுற்றிக் கொட்டியிருந்தது. வயிற்றைத் திறந்து கழுவினார்கள். செத்துப் பிழைத்தாள். கட்டிலில் எலும்பும் தோலும்தான் கிடந்தது.

சில கிழமைகள் நரம்பு வழியே சத்துநீர் ஏற்றியபின் புதுக் குழாய் வைக்கும் பேச்சு வந்தது. இந்த முறை டொக்டர் அவளிடமே குனிந்து, "அம்மா, திரும்பக் குழாய் வைக்கட்டுமா? உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டார். அதுவரை நாங்கள் யாரும் அவளிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் அவரை நிதானமாகப் பார்த்து இரண்டு தரம் இல்லை என்று தலையசைத்தாள். பிறகு என் கையிலிருந்த படிவத்தை இடது கையால் தள்ளினாள்.

டொக்டர் என்னிடம் திரும்பினார். "அவவுக்கு விளங்குதா ஐயா? ஸ்ட்ரோக் வந்த சில பேர் ஓமெண்டு நினைச்சு இல்லயெண்டு தலையாட்டுவாங்க. கூட இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். அன்று காலையிலும் முகம் கழுவவா என்றதற்கு ஓம் என்று தலையாட்டியவள், தலை வாரி இழுக்கவா என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்தவள். அவளுடைய ஓமும் இல்லையும் எனக்கு ஒருநாளும் பிசகியதில்லை. ஆனால் குழாய் இல்லாவிட்டால் அவள் இல்லை. வெறும் வீட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போவது?

"அவவுக்கு விளங்கல்ல டொக்டர்," என்றேன்.

அதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். நான் கையெழுத்து வைத்தேன்.

இப்போது குழாய் நன்றாக இருக்கிறது. புண் இல்லை, சீழ் இல்லை, நிறைகூட ஏறியிருக்கிறது. நன்றாகப் பார்க்கிறேன் என்று கிளினிக்கில் என்னை மெச்சுகிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து தரம் நானே வடித்து நானே விடுகிறேன். மற்ற நேரங்களில் அவள் என்னைப் பார்ப்பாள். குழாயின் மூடியைத் திறக்கும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.