பொக்கற்றில் பத்து மில்லி

பெரியவர்களின் வார்டில் நான்கு ஆண்டுகள் வேலை செய்த தாதியின் பொக்கற்றில் இருப்பவை: கத்தரிக்கோல், டேப் சுருள், இரண்டு பேனா, பத்து மில்லி சேலைன் நிரப்பிய மூன்று சிரிஞ்சுகள். மருந்து ஏற்றியபின் நரம்புக் குழாயை அலசுவதற்குத்தான் அந்தச் சேலைன். அங்கே அதை யாரும் எண்ணுவதில்லை.

குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறிய முதல் நாளும் அதே பொக்கற்றோடு போனேன். என்னைப் பழக்க விடப்பட்டவர் மார்க்கம் என்ற வசதியான புறநகரிலிருந்து காரில் வரும் யாழ்ப்பாணத்து மூத்த தாதி. நான் மலிவு வாடகைப் பகுதியான மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். தமிழ் முகத்தைக் கண்ட நிம்மதியில் "வணக்கம் அன்ரி" என்றுவிட்டேன்.

"நான் உமக்கு அன்ரி இல்லை. உந்தப் பொக்கற்றில என்ன?"

ஒரு சிரிஞ்சை அவரே உருவி இன்குபேட்டர் கண்ணாடியோடு பிடித்தார். உள்ளே எழுநூறு கிராம் பிள்ளை.

"இந்தப் பிள்ளையின்ர முழு ரத்தமும் நாலு மேசைக்கரண்டி. உந்தப் பத்து மில்லியையும் ஏத்தினால் என்ன நடக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கட்டில் தாதிக்கும் கேட்கச் சொன்னார்: "பெரியாக்களைப் பாத்த கை. லேசில திருந்தாது."

அதன்பின் ஒவ்வொரு காலையும், எல்லோருக்கும் முன்னால், பொக்கற்றைக் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் மாத முடிவில் அவர் கையெழுத்துப் போட்டால் எனக்கு இந்தப் பிரிவு. இல்லாவிட்டால் பழைய வார்டு. ஆகவே வாயை மூடிக்கொண்டு, அவர் சொன்னவற்றை இலக்கமிட்டு எழுதினேன். ஒன்று: பிள்ளையைத் தடவக்கூடாது, கையை அசையாமல் வைக்க வேண்டும். இரண்டு: மொனிட்டர் கத்தினால் முதலில் பிள்ளையைப் பார்க்க வேண்டும். மூன்று: குழாய் அலசிய அரை மில்லியையும் பிள்ளைக்குள் போன கணக்கில் எழுத வேண்டும். பதினேழு வரை போயிற்று. பதினேழும் சரி. அதற்காகவே அவரைக் கூடுதலாக வெறுத்தேன்.

கடைசி வாரம், நான் சாப்பிடப் போன நேரத்தில் என் பொறுப்பில் இருந்த பிள்ளைக்கு அவர் மருந்து கொடுத்திருந்தார். திரும்பி வந்தபோது தட்டில் ஒரு மில்லி சேலைன் சிரிஞ்சுகள் இரண்டு வெறுமையாகக் கிடந்தன. பதிவில் மருந்து இருந்தது. அலசிய இரண்டு மில்லி இல்லை. அவரைத் தேடுவதற்குள் டாக்டர்கள் வந்துவிட்டார்கள். அவரும் அவர்களோடு வந்தார், கையெழுத்துப் போட வேண்டிய என் படிவம் கையில்.

பிள்ளைக்குள் போனது மொத்தம் எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். "இதோடு இரண்டு மில்லி சேர்க்க வேண்டும். அலசியது எழுதப்படவில்லை."

யார் கொடுத்தது என்றார். என் கண் அவரிடம் போயிற்று.

"நான்தான்," என்றார் அவர் ஆங்கிலத்தில்.

பிள்ளைக்காகச் சொன்னேன் என்று எழுதலாம். அது பாதி உண்மை.

டாக்டர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அவர் என் அருகில் வந்தார். "எனக்குத் தனிய சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் எனக்கு ஒண்டும் தனிய சொல்லேல்லை."

அவர் படிவத்தை இன்குபேட்டருக்குப் பக்கத்து மேசையில் வைத்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். "கை திருந்தீட்டுது. வாய்தான் கூடிப்போச்சு. இந்தாரும்."

படிவத்தை வாங்கி, தேதி சரியா என்று பார்த்தேன். சரிதான்.

"தாங்ஸ், அன்ரி," என்றேன்.