சில்வர்பீட் தின்ற ஓணான்

எனக்கு வேண்டியிருந்தது பச்சோந்தி. அது நிறம் மாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. விசாரித்ததில், நியூசிலாந்தில் அதை வளர்க்க வழியில்லை என்றார்கள். அதற்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு தாடி ஓணான் குஞ்சு. “ஊர்ல கல்லால அடிச்சு விரட்டுறத இங்க காசு குடுத்து வாங்குறியா?” என்றார் கணவர். நாற்பது வயதில் எனக்கு வந்த கிறுக்கு என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாலோடு சேர்த்தே என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கோபம் வந்தால் தாடை கறுக்கும். சில நேரம் ஒரு முன்காலைத் தூக்கி, டாட்டா காட்டுவதுபோல் மெதுவாக ஆட்டும். “நீ பெரியவள், என்னை ஒன்றும் செய்துவிடாதே” என்று அதற்கு அர்த்தமாம். படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை என்பதால், மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொடுத்தவர் “கீரையும் பூச்சியும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் கீரையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. வெளியே கேக் சாப்பிடும்போது மட்டும் அதைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டோம். வளர்ந்த தாடி ஓணான் பெரும்பாலும் இலைதான் தின்னும் என்று எங்கோ படித்தேன். வளர்ந்ததற்கு நல்லது குஞ்சுக்கு எப்படிக் கெடுதலாகும்? கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சில்வர்பீட் காடாக வளர்ந்து கிடந்தது. நாங்கள் அதைத்தான் கீரையென்று கூட்டு வைக்கிறோம், மசியல் கடைகிறோம். அதையே பொடியாக நறுக்கி ஓணானுக்கும் வைத்தேன். கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைத்து வெயிலும் காட்டினேன். கீரையும் வெயிலும் இருந்தால் எலும்பு தேக்கு மாதிரி இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

ஆறாவது வாரம் அதன் பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. கட்டையில் ஏற முயன்று சறுக்கி விழுந்தது. விழுந்த இடத்திலேயே வயிறு தரையில் படியக் கிடந்தது.

காரில் ஹீட்டரைக் கூட்டிவைத்துக்கொண்டு கிளென் ஈடன் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் போனேன். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டார்.

“என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?”

“சில்வர்பீட். எங்க தோட்டத்துல போட்டது, மருந்தே அடிக்கல.”

“பூச்சி?”

“நாங்க சைவங்க.”

“ஓம், நீங்கள் சைவம். இது எப்ப சைவமானது?”

சிரிக்காமல் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. எக்ஸ்ரேயைக் காட்டியதும் அந்தக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கோடுதான் தெரிந்தது. சில்வர்பீட்டில் உள்ள ஒரு சத்து, கால்சியத்தைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாதாம். வெயிலில் எலும்புக்கு வேண்டிய பகுதியை ஜன்னல் கண்ணாடியே தடுத்துவிடுமாம். வளரும் குஞ்சு வேறு வழியில்லாமல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது.

“பிழைச்சிடுமா?”

“சொல்ல ஏலாது. கால்சியம் மருந்து தாறன். யூவி லைட் போடுங்கோ, சூடு இருந்தாத்தான் செமிக்கும். பூச்சிக்குக் கால்சியம் பவுடர் தடவிக் குடுங்கோ. தானாச் சாப்பிட்டா நம்பிக்கை இருக்கு. ஒரு கிழமை பாப்பம்.”

திரும்பும் வழியில் விளக்கும் ஒரு டப்பா குட்டி வெட்டுக்கிளிகளும் வாங்கினேன். சாமி அலமாரி இருக்கும் பக்கம் அந்த டப்பாவைக் கொண்டுபோக மனம் வரவில்லை. துணி துவைக்கும் அறையில் வைத்தேன். அவற்றுக்கும் பசிக்குமே என்று கேரட் துருவிப் போட்டேன். இரண்டு கையாலும் பிடித்து, ஓரத்திலிருந்து ஒழுங்காகக் கடித்துத் தின்றன. நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஓணானால் துரத்திப் பிடிக்க முடியாது. யாராவது வெட்டுக்கிளியை இடுக்கியில் பிடித்து அதன் வாய்க்கு நேரே நீட்ட வேண்டும். “நான் பண்றேன், நீ அந்தப் பக்கம் போ,” என்றார் கணவர். வேண்டாம் என்றேன். அதைப் பட்டினி போட்டவள் நான்தானே. முதல் நாள் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. மருந்தைச் சொட்டுச் சொட்டாக உதட்டோரம் விட்டதை மட்டும் நக்கியது. மூன்றாம் நாள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. செத்துவிட்டதோ என்று விரலால் தொட்டுப் பார்த்தேன்.

நான்காம் நாள் காலை, விளக்கைப் போட்டு அரை மணி நேரம் கழித்து, மறுபடி நீட்டினேன். இடுக்கியில் வெட்டுக்கிளி உதைத்தது. அந்த உதை என் விரல் வரை வந்தது. ஓணான் ஒரு கண்ணைத் திறந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. சட்டென்று நாக்கு வந்தது, இடுக்கி காலியானது. மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“எதுக்காக அழற? ஓணானுக்கா, வெட்டுக்கிளிக்கா?” என்றார் கணவர்.

“ரெண்டுக்கும்தான்,” என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த டப்பாவ இப்படித் தள்ளுங்க. இன்னொண்ணு தின்னும் போலிருக்கு.”