வெர்னாவின் காதில் விழுவது

எங்கள் பாலைவன முகாமில் இருந்த இரண்டு குளிர்காலமும் வெர்னா ஹாகன் பெட்ரோலை அடுத்தவர் கையால்தான் வாங்கினார். யார் பக்கத்து ஊர் குவார்ட்ஸைட்டுக்குக் கிளம்பினாலும் சிவப்பு கேன் இரண்டைத் தூக்கிக்கொண்டு வழியில் வந்து நிற்பார். படுக்கை, சமையலறையோடு ஓடும் மோட்டார்ஹோம்தான் அவருக்கு வீடு. மலைப்பாதை வளைவில் அதைப் பின்னோக்கி எடுக்கத் தெரிந்தவர், பெட்ரோல் பங்க் வாசலில் மட்டும் திருப்ப மாட்டார்.

“உன் வீட்டுக்கு எதுக்கு வெர்னா சக்கரம்? கழட்டிக் குடு, நான் கள்ளிச்செடி நட்டுக்கறேன்” என்பான் எதிர் டிரெய்லர் டெல்மர். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவன்.

“முதல்ல உன் வாய்க்கு ஒரு மூடி வாங்கு டெல்மர். அப்புறம் செடி நடலாம்.”

அப்படிச் சிரித்துப் பேசுகிறவர்தான், ஒருநாள் என் கேஸ் அடுப்பின் பொறி தட்டும் குமிழை நான் அழுத்தியதும் வெளுத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். டிக் டிக் என்ற அந்தச் சத்தம். அன்றிலிருந்து அவர் காது எட்டும் தூரத்தில் நான் தீக்குச்சிதான் உரசினேன். காரணத்தை அவரே பிறகு சொன்னார்.

எங்கள் வண்டி ஃபிரிட்ஜுகளுக்குக் கரண்ட் இருந்தால் கரண்ட் போதும். கரண்ட் நின்றால் தானாகவே கேஸுக்குத் தாவும். பின்பக்கம் டிக் டிக் என்று பொறி தட்டி ஒரு சின்னத் தீயைப் பற்றவைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போதும் அந்தத் தீ எரியும். பங்க்குக்குள் நுழையும் முன் அதை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் அணைப்பதில்லை. “அரை மணி நேரத்துல வெண்ணெய் உருகிடாதுதான், ஆனா இத்தனை வருஷத்துல என்ன ஆயிடுச்சு?” என்பார்கள்.

வெர்னாவின் கணவர் ஆரின் அந்த ரகமில்லை. பங்க் கண்ணில் பட்டதுமே ரோட்டோரம் ஒதுங்குவார். ஃபிரிட்ஜை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு, சிவப்புத் துணி கிளிப் ஒன்றை ஸ்டீயரிங்கில் மாட்டுவார். கிளிப் ஸ்டீயரிங்கில் இருந்தால் வால்வு மூடியிருக்கிறது, ஜன்னல் திரையில் இருந்தால் திறந்திருக்கிறது. அவர்களுடைய வீட்டுச் சட்டம் அது.

நியூ மெக்ஸிகோவில் ஒரு கோடை மதியம் ஆரினுக்குக் காய்ச்சல். வெர்னா ஓட்டினார். ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜும் அந்தக் கரண்டில்தான். தீயே எரியவில்லை, எதை அணைப்பது என்று அவர் ஒதுங்கவில்லை. கிளிப் திரையிலேயே இருந்தது. பங்க்கில் ஆரின் எழுந்து, “நீ உக்காரு, நான் ஊத்தறேன்” என்று இறங்கிப்போய்க் குழாயைச் செருகினார். ஜெனரேட்டர் ஓடுகிறதே என்று அப்போதுதான் வெர்னாவுக்கு உறைத்தது. பதறி அணைத்தார். கரண்ட் நின்றதும் ஃபிரிட்ஜ் கேஸைத் தேடியது.

“மூணு, நாலு தடவை டிக்குன்னுது. அப்புறம் ஜன்னல் பூரா மஞ்சள்” என்றார் என்னிடம்.

ஆரின் ஆஸ்பத்திரியில் சில வாரம் கிடந்து இறந்துபோனார். விசாரித்த தீயணைப்பு அதிகாரி, சட்டையில் உரசிய மின்பொறியாக இருக்கலாம் என்று எழுதினார். டிக் டிக் சத்தத்தை வெர்னாவைத் தவிர யாரும் கேட்கவில்லை. காற்றில் ஆடும் கம்பிகளிலும், வெயில் தாழ்ந்து குளிர்கிற கூரைத் தகரத்திலும் அது அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன நவம்பரில் கிங்மன் ஊரிலிருந்து மகன் கர்ட் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“அம்மா, பெட்ரோல் போட முடியாத வீட்டுல தனியா எப்படி இருப்பீங்க? சனிக்கிழமை லாரியோட வரேன். இழுத்துட்டு வந்து வித்துடலாம். மாடி ரூம் காலியாத்தான் இருக்கு.”

“நான் ஓட்டிக்கிட்டு வந்துட்டா?”

“நீங்களா? உங்க கையால பெட்ரோல் போட்டு வந்தா, விக்கறதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை காலை வெர்னா என் ஜன்னலைத் தட்டினார். “உன் வண்டியில பங்க் வரைக்கும் என் பின்னாடி வா கண்ணு. தீப்பிடிச்சா ஒரு சாட்சி வேணும்ல.”

அது ஜோக்கா என்று எனக்குத் தெரியவில்லை. டெல்மர் தொப்பியைக் கழற்றி வழியனுப்பினான்.

பங்க் தெரிகிற வளைவில் ரோட்டோரம் ஒதுங்கினார். ஃபிரிட்ஜை அணைத்தார். வால்வை மூடி, மறுபடி தொட்டுப் பார்த்து, என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். திரையிலிருந்து கிளிப்பை எடுத்து ஸ்டீயரிங்கில் மாட்டினார்.

பங்க்கில் அவர் குழாயைச் செருகினார். பக்கத்து பம்ப்பில் வாடகை மோட்டார்ஹோம் ஒன்று, ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு. வாலிபன் ஒருவன் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஒரு பெண், “ஏங்க, ஜெனரேட்டரை அணைச்சிடறேன்!” என்று கத்தினாள்.

உறுமல் நின்றது. டிக். டிக். டிக்.

வெர்னாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வால்வை மூடிவைத்திருந்த தன் வண்டியைத்தான் அவர் முதலில் திரும்பிப் பார்த்தார்.

“அங்க, வெர்னா! அவங்க வண்டி!” என்றேன்.

அவ்வளவுதான். எழுபது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “ஊத்தாதே! பிடியை விடு!” அந்த வாலிபன் திடுக்கிட்டுப் பிடியை விட்டான். அதற்குள் வெர்னா சுற்றிப் போய், சிலிண்டர் பெட்டியைத் திறந்து வால்வைத் திருகிவிட்டார். கேஸ் இல்லாத பொறி இன்னும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு ஓய்ந்தது.

“அது ஃபிரிட்ஜ் சத்தம்ங்க. நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன்” என்று அவன் சிரித்தான். “ஒண்ணும் ஆகலையே.”

“ஆமா. ஒண்ணும் ஆகல.”

வெர்னா தன் வண்டிக்குப் போய், கிளிப்பை எடுத்து வந்து அவனுடைய ஸ்டீயரிங்கில் மாட்டினார். “இது இங்க இருந்தா வால்வு மூடியிருக்குன்னு அர்த்தம். ரோட்டுக்குப் போனப்புறம் திற. பொண்டாட்டிக்கும் சொல்லிக் குடு. முக்கியமா அவளுக்கு.”

அவன் கிறுக்குக் கிழவி என்ற பார்வையோடு தலையாட்டினான். வெர்னா டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்பினார்.

கொஞ்ச தூரத்தில் அவருடைய வண்டி மறுபடி ஒதுங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெறும் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

“கிளிப் இல்ல. மூடினேனா?”

“மூடித்தான் இருக்கு. நானும் தொட்டுப் பார்த்தேன்ல?”

இறங்கி வால்வைத் திறந்தார். ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டு, வண்டியின் வெளிப்பக்கம் ஃபிரிட்ஜுக்கான காற்றுத் துளையில் காதை வைத்து நின்றார். டிக், டிக், பிறகு தீ பற்றுகிற மெல்லிய ஊதல்.

“பங்க்ல நீயும் கேட்டேல்ல?”

“கேட்டேன்.”

“அப்ப என் காது சரியாத்தான் இருக்கு.”

சந்தோஷப்படுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஆரினைக் கொன்றது அந்தப் பொறியாக இல்லாமலும் இருக்கலாம் என்று இவ்வளவு நாளும் எல்லோரும் அவருக்குக் கொடுத்துவந்த ஒரு சந்தேகத்தை நான் ஒரே வார்த்தையில் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் என் கையை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

மாலை வெர்னாவிடமிருந்து போன். “வந்து சேர்ந்துட்டேன். பெட்ரோல் முள்ளு நிறைஞ்சு தெரியணும்னு ஊர் வாசல்ல இன்னொரு தடவை ஊத்தினேன். கர்ட் வந்ததும் வராததுமா அதைத்தான் பார்த்தான். சொன்னபடி வாயே திறக்கல.”

“சத்தம்?”

“அதுவும் கூடத்தான் வந்துது” என்றார். “வண்டி என்னோடதுதானே, வரட்டும்.”

முகாமில் அவருடைய இடம் இப்போது வெறும் சரளை. என் அடுப்பின் குமிழை அழுத்துவதை ஆட்சேபிக்க அக்கம்பக்கத்தில் யாருமில்லை. நான் இன்னும் தீக்குச்சிதான் உரசுகிறேன்.