பள்ளங்கியில் ஒரு செலரிப் பாத்தி

கொடைக்கானல் ஏரியில் படகு விடுவதைப் பற்றி எழுதச் சொல்லி எனக்கு அடிக்கடி மின்னஞ்சல் வருகிறது. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது 1963 பிப்ரவரிக் கடைசியில் செலரி பார்க்கப் போன ஒரு பயணம். சந்தோஷமான பயணம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மதுரையில் ஒரு ஹோட்டலுக்குக் காய்கறி வாங்கிப் போடும் வேலையில் இருந்தேன். கோயில் பார்க்க வரும் வெளிநாட்டார் தங்கும் இடம் அது. சூப்பில் செலரித் தண்டு மிதக்காவிட்டால் அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. வாரம் ஒரு கூடை கொடைக்கானல் மலையில் இருக்கும் பள்ளங்கியிலிருந்து பஸ் மேலே கட்டி வந்துவிடும். அனுப்புகிறவர் சவரிமுத்து. மூன்று வருடத்தில் ஒரு கூடையைக்கூட நான் குறை சொன்னதில்லை, இத்தனைக்கும் குறை சொல்வதுதான் என் பிழைப்பு.

ஜனவரிக் கடைசியில் கூடை நின்றுபோனது. கண்டக்டரைக் கேட்டேன். "அவரு போய்ச் சேர்ந்துட்டாருங்க. நெஞ்சுவலின்னாங்க" என்றார். மேனேஜர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நேர்ல போய்ப் பாரு. சரக்கு நல்லா இருந்தா அந்தம்மாகிட்டயே வாங்குவோம். இல்லைன்னா ஊட்டிக்குச் சொல்லிடுறேன்" என்றார்.

மதுரையில் காலை ஆறு மணிக்கு பஸ். எழுபத்தைந்து மைல் தூரம்தான், ஆனால் அன்றைய பஸ்ஸுக்கு அது ஏழு மணி நேரம். வத்தலக்குண்டில் எதுவும் சாப்பிடாதீர்கள். நான் நாலு இட்லி சாப்பிட்டேன், மலைப்பாதையின் ஏழாவது வளைவிலேயே திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெருமாள்மலை வரை என்னிடம் பேசவில்லை.

சீசன் இல்லாத கொடைக்கானலை நீங்கள் பார்த்ததில்லை என்றால் நல்லது. பங்களாக்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கடைத்தெருவில் டீ குடிக்கக்கூட ஆள் இல்லை. மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது, ஆனால் மேகம் மட்டும் இறங்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. சட்டையை நனைக்கும், மண்ணை நனைக்காது. எனக்கு அந்த ஊர்க் குளிர் என்றைக்குமே பிடித்ததில்லை.

அட்டுவம்பட்டி வரை ஒரு ஜீப் கிடைத்தது. டிரைவர் கணேசன், வாய் ஓயாத மனிதர். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் வண்டியையே மெதுவாக்கிவிட்டார்.

"நீங்கதானா சார் அது? அந்தத் தோட்டம் அவங்களது இல்ல சார், குத்தகை. ஓட்டல்காரங்க தொடர்ந்து வாங்குனா குத்தகைய அந்தம்மா பேருக்கே எழுதித் தாரேன்னு நெலத்துக்காரரு சொல்லியிருக்காரு. இல்லைன்னா உருளை போட வேற ஆளு ரெடியா நிக்கிறான். ஊரே உங்களத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கு."

அதைக் கேட்காமலே போயிருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். அட்டுவம்பட்டியிலிருந்து பள்ளங்கிக்குக் கீழ்நோக்கி ஒரு மணி நேர நடை. வழுக்காத செருப்பு வேண்டும். என்னிடம் இருந்தது மதுரைச் செருப்பு.

சவரிமுத்துவின் மனைவி லூர்தம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சேலை. சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து அந்தோணியும் மண்வெட்டியோடு நின்றார். அவர் உருளைக்கிழங்கு போடுகிறவர், சவரிமுத்துவின் சிநேகிதர்.

"வாங்க தம்பி. காப்பி குடிச்சுட்டுப் பாக்குறீங்களா, பாத்துட்டுக் குடிக்கிறீங்களா?" என்றார் லூர்தம்மாள்.

"பாத்துட்டே குடிக்கிறேங்க்கா" என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு ஒருவரைக் குறை சொல்ல எனக்கு வராது.

பாத்தியைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. தண்டு வெளுப்பதற்காக ஒவ்வொரு செடிக்கும் சவரிமுத்து பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டியிருந்தார். கடைசியாகச் செய்த வேலை அதுதானாம். அந்தோணியின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

ஆனால் செலரியை இலையைப் பார்த்து வாங்கக் கூடாது. வாங்கப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தண்டை இரண்டு விரலால் அழுத்த வேண்டும். கல் மாதிரி நின்றால் சரி, உள்வாங்கினால் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு தண்டை ஒடிக்க வேண்டும். நல்ல செலரி டக்கென்று முறியும், ஒடித்த இடத்தில் தண்ணீர் துளிர்க்கும். நடுக்குருத்து வெள்ளையாக இருக்க வேண்டும், பழுப்பு ஓடியிருக்கக் கூடாது.

நான் அழுத்தினேன். உள்வாங்கியது. ஒடித்தேன், சத்தமே வரவில்லை. வளைந்து, நாராய்க் கிழிந்தது. உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக வெறும் நெட்டி. வாயில் போட்டால் கசப்பு. அடுத்த செடி, அதற்கடுத்த வரிசை, மேல் பாத்தி, எல்லாம் அப்படியே.

"என்ன தம்பி?" என்றார் லூர்தம்மாள்.

"தண்ணி பத்தலைக்கா."

அந்தோணிக்குச் சுருக்கென்றது. "பத்தலையா? வாரா வாரம் நாந்தான சார் பாச்சுனேன். என் தண்ணி மொறையையும் விட்டுக் குடுத்து, வெள்ளனே எந்திரிச்சு வந்து பாச்சுனேன். இந்தா, எந்தச் செடியாச்சும் வாடிக் கெடக்கா?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டார் முப்பதாம் நாள் பூசை வரை மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். வாய்க்கால் முறையைப் பக்கத்துத் தோட்டத்தார் எடுத்துப் பாய்ச்சிக் கொடுப்பார்கள். அந்தோணியும் குறை வைக்காமல் பாய்ச்சியிருந்தார், தன் உருளைக்குப் பாய்ச்சுகிற மாதிரி வாரத்துக்கு ஒரு தரம். செலரிக்கு அந்தக் கணக்கு ஆகாது. அதன் வேர் மேலாகவே ஓடும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஈரம் கேட்கும். கடைசி மாதம் காய்ந்தால் தண்டு உள்ளே நெட்டியாகிவிடும், வெளியே காட்டிக்கொள்ளாது. போதாததற்கு மேகம் வேறு இலையை நனைத்து நனைத்து எல்லாரையும் ஏமாற்றியிருந்தது.

"உருளைக்கு வாரம் ஒரு தண்ணி போதும் சார்" என்றார் அந்தோணி, குரல் இறங்கிப்போய். "இதுக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். அவன் இருந்தா கேட்டிருப்பேன்."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. லூர்தம்மாள் அழவில்லை. "வீட்டோரத்து வரிசையப் பாக்கலையே, அதையும் பாத்துருங்க" என்றார், எப்படியாவது முடித்துவிடலாம் என்கிற மாதிரி.

வாசல் கல்லுக்குக் கீழே ஒரே ஒரு வரிசை. அழுத்தினேன், விரல் இறங்கவில்லை. ஒடித்தேன். முறிந்த சத்தம் கேட்டு அந்தோணி நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் என் விரலில் வழிந்தது. மூன்று வருடமாக எனக்கு வந்துகொண்டிருந்த அதே செலரி.

"இதுக்கு யாருக்கா தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தலையே" என்றவர் வாசல் கல்லைப் பார்த்தார். கல்லின் மேல் அண்டாவும் செம்பும் இன்னும் இருந்தன. துக்கம் கேட்டு வருகிறவர்கள் திரும்பும்போது காலைக் கழுவிக்கொண்டு போவதற்காக வைத்தது. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடானாலும் அந்தப் பக்கம் அந்த வழக்கம் உண்டு. கழுவிய தண்ணீர் கல்லிலிருந்து வடிந்து நேரே அந்த வரிசையில்தான் இறங்கியிருக்கிறது, ஒரு மாதமும், ஒருநாள் விடாமல்.

லூர்தம்மாள் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் உள்ள மொகத்த மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன் தம்பி. யாரு வந்தா, யாரு போனான்னு ஒண்ணும் தெரியாது. இம்புட்டுப் பேரா வந்தாங்க அவருக்கு?"

அப்போதுதான் அவர் அழுதார். அந்தோணி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். போட்டு வைத்திருந்த காப்பி ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தேன்.

அந்த வரிசையை முழுக்க வெட்டினோம். சரியாக ஒரு கூடை வந்தது. மறுநாள் மதுரையில் மேனேஜர் ஒரு தண்டை ஒடித்துக் கடித்துப் பார்த்தார். "ஊட்டியெல்லாம் எதுக்கு? இதே மாதிரி வாரம் ஒரு கூடை அனுப்பச் சொல்லு" என்றார். இருந்ததே ஒரு கூடைதான் என்றேன். நாற்றங்காலில் இரண்டரை மாதம், பாத்தியில் மூன்றரை மாதம், புதிதாகப் போட்டால் ஆறு மாதமாகும் என்று எடுத்துச் சொன்னேன். என்னால் முடிந்த அளவு மன்றாடினேன். விருந்தாளிகள் ஆறு மாதம் சூப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள் என்றார் அவர். நிலத்துக்காரரும் காத்திருக்கவில்லை. மே மாதம் நான் போனபோது அந்த இடத்தில் ஜீப் டிரைவர் சொன்ன ஆளின் உருளை பூத்திருந்தது. லூர்தம்மாள் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போய்விட்டதாக அந்தோணி சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரியில் விடியற்காலை உறைபனி உண்டு. பள்ளங்கிக்கு இறங்குவது சுலபம், ஏறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செலரி போடுகிறவர்கள் மக்கின எருவைத் தாராளமாகப் போடுங்கள், தண்ணீரைக் குருத்துக்குள் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள், கடைசி மாதம் மண் காயவே விடாதீர்கள். அந்த மலையில் ஏதாவது ஒரு சாவு வீட்டுக்குப் போக நேர்ந்தால், காலைக் கழுவும்போது ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாகவே ஊற்றிவிட்டு வாருங்கள்.